முழங்காலுக்கு மட்டும்

இரவு பத்து இருபதுக்கு
ஸ்டாரோவென்கா பணிமனையில் வண்டியை விட்டுவிட்டு
நடந்தே வந்தேன்.
நாள் முழுக்க டிராம் ஓட்டுகிறவளுக்கு
டிராமில் ஏற மனம் வராது.

நான்காவது மாடி. வியாழனிலிருந்து லிஃப்ட் விடுப்பில்.
கதவைத் திறந்ததும் டிமோன் கேட்டான்:
"என்ன இருக்கு?"
பதினாறு வயதுப் பசிக்கு முன்னுரை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை.
போஸ்னான் முழுக்கக் கடைகள் கதவடைத்துக் கிடந்தன.
ஃப்ரீசரின் இரண்டாம் இழுப்பறை
பனி பிடித்து இறுகியிருந்தது.
மரக்கரண்டியால் தட்டினேன். திட்டினேன்.
மூன்றாவது இழுப்பில் வந்தது,
கூடவே மடியில் ஒரு பிடி பனித்தூள்.

முதலில் அகப்பட்டது பட்டாணி.
பையின் மேல் கறுப்பு மார்க்கரில் அவன் கையெழுத்து:
'சாப்பிடக் கூடாது. முழங்காலுக்கு மட்டும்.'

செப்டம்பரில் ஹேண்ட்பால் மைதானத்தில் கேட்ட சத்தம்.
காய்ந்த சுள்ளி முறிவதுபோல என்று சொல்வார்கள்.
அப்படி இல்லை.
ஈரத் துணியை ஒரே ஒரு முறை உதறியதுபோல.
அதற்குப் பிறகு ஐந்து மாதம்
இந்தப் பை அவன் காலைக் கட்டிக்கொண்டே கிடந்தது.
உருகும், உறையும், மறுபடி உருகும்.
இப்போது பட்டாணி என்று தனியாக எதுவும் இல்லை;
முழங்கால் அச்சில் வார்த்த ஒரு பச்சைக் கல்,
நடுவில் சில்லுக்கு ஒரு குழி.

"அதையே போடேன்."
"இத்தனை தடவை உருகினதை நாய்கூடத் தின்னாது."
"நாய் இல்லையே, நான்தானே."
திரும்ப உள்ளே வைத்தேன்.

அடியில் இருந்தது சூப்புக்கான காய்க்கலவை.
குச்சி குச்சியாகக் கேரட், செலரிக் கிழங்கு,
பார்ஸ்லி வேர், கொஞ்சம் லீக்.
எங்கள் மொழியில் அதன் பெயருக்கு
இத்தாலியச் சரக்கு என்று பொருள்.
எங்கள் பிளாக்கில் இத்தாலியைப் பார்த்தவர்
மூன்றாம் மாடி லாரிக்காரர் க்ஷெசிமிர் ஒருவர்தான்;
அவர் பார்த்ததும் நெடுஞ்சாலையைத்தான்.
இருந்தாலும் பாஸ்தாவும் அந்த ஊர்தானே,
ஊர்க்காரர்கள் ஒத்துப்போவார்கள் என்று
உறைந்தபடியே வாணலியில் கொட்டினேன்.

வெண்ணெய் சீறியது.
ஜன்னல் ஆவியில் எதிர் பிளாக்கின் விளக்குகள் கரைந்தன.
பூண்டு இரண்டு பல். மிளகு. சிட்டிகை மர்ஜோரம்.
டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த புளிப்பு க்ரீமை
வெந்நீர் விட்டுக் குலுக்கி அதையும் ஊற்றினேன்.
மொத்தம் பதினோரு நிமிடம்.
டிராம் அவ்வளவு தாமதமானால்
ஜனங்கள் கைக்கடிகாரத்தை எனக்குக் காட்டுவார்கள்.

"நான் வடிக்கட்டுமா?"
சுவரில் சாய்ந்து நின்றவன் பானையைத் தூக்கினான்.
இரு கைக்கும் நடுவே கொதிநீர்.
ஊன்றுகோல் அங்கே, கோட்டுக் கொக்கியில்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
முகத்தை வாணலிக்குக் கொடுத்துவிட்டு
காலை மட்டும் பார்த்தேன்.
இடது. வலது. இடது.
ஓட்டுநர் பயிற்சியில் சொல்லித் தருவார்கள்,
பயணி விழுவானோ என்று கண்ணாடியில் பார்,
திரும்பிப் பார்க்காதே.

"உப்பு கம்மி" என்றான்.
கம்மிதான். கேரட்டும் சில இடங்களில் நறுக்கென்றது.
இரண்டாம் தட்டு போட்டுக்கொண்டான்.

வலது தோளை உருட்டியபடி இருந்தேன் போல,
ஒன்பது மணிநேரம் நெம்புகோல் பிடித்த தோள்.
எழுந்து போனான். இழுப்பறை கிறீச்சிட்டது.
சட்டைக்கு மேல் அந்தப் பச்சைக் கல்லை வைத்தான்.
அவன் சில்லின் குழி
என் எலும்பில் பொருந்தவில்லை;
கொஞ்சம் நகர்த்தினான்.

"ஜில்லுங்குதுடா, எடு."
"பத்து நிமிஷம். பேசாம இரு."
பிசியோதெரபிஸ்ட் அகாட்டாவின் அதே குரல்.

முதுகு வழியே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.
தட்டில் நாலு பாஸ்தா மிச்சம்.
இடது கையால் முள்கரண்டியைப் பிடித்துக் குத்தினேன்,
வழுக்கியது.
மறுபடி குத்தினேன்.